பானெட்டில் துருப்பட்டை

வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அதன் உடம்பைச் செப்பனிடும் வேலைக்கு எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரே பெயர்தான்: பட்டி பார்ப்பது. நசுங்கிய தகட்டைத் தட்டி நேராக்கினால் கை வலிக்கும். துருவைச் சுரண்டி வெளியேற்றினால் நாள் போகும். ஆகவே இரண்டின் மேலும் பசையைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து, வர்ணம் அடித்துப் பளபளக்க வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது உள்ளபடியே அழுகும். துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டித் துரு நீக்கும் பிரிவில் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. பட்டி என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. நெற்றி நிறைய நீறு பூசிக் கோயிலில் கண்ணீர் மல்க நின்றுவிட்டு, வெளியே செருப்பைத் தேடும்போதே பொய் பேசத் தொடங்கும் மனிதர்களை நான் வேறு பெயரிட்டு நினைத்ததில்லை. அவர்கள் பட்டி பார்த்த வண்டிகள்.

என் தமையனாரை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தைச் சென்ற ஆண்டு அவரே தீர்த்துவைத்தார்.

எங்கள் தந்தையார் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கட்டிகள் ஏற்றிச் சென்ற பழைய பிக்கப் வண்டி ஒன்று திருவொற்றியூரில் என் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நின்றது. வண்டி எங்கள் இருவருக்கும் பொது. இன்ஜின் பழுதில்லை, உடம்புதான் ஐஸ் நீரிலும் கடற்காற்றிலும் ஊறிக் கிடந்தது. இளமையில் அந்த வண்டியில் மீன் நாற்றம் வீசுகிறதென்று சொல்லிப் பள்ளிக்கு நடந்தே போனவர் தமையனார். அண்ணாநகரில் குடியேறி ஓய்வும் பெற்றபின், பழைய வண்டிகளைக் கடற்கரைச் சாலையில் அணிவகுக்கச் செய்யும் கனவான்களின் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. மீன் நாற்றம் பாரம்பரியமாக மாறிவிட்டது. வண்டியைப் புதுப்பித்தாக வேண்டும் என்று அருளினார்.

எனக்கு அணிவகுப்பு ஒரு பொருட்டில்லை. ஆனால் அந்த வண்டியின் பானெட், இன்ஜினை மூடும் முன்தகடு, எனக்குப் பொருட்டு. தந்தையார் சவாரி முடிந்து வந்ததும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்து, இன்ஜின் சூட்டைச் சொல்லிவிடுவார். அந்த மாதிரித் தகடு இன்று எங்கும் கிடைப்பதில்லை. யானைக்கவுனியிலிருந்து புதுப்பேட்டை வரை பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரித்துவிட்டேன். முன்பு பலமுறை தேய்த்துத் தேய்த்து வர்ணம் அடித்ததில் அது மெலிந்தும் போயிருந்தது. அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் சில இடங்களில் தகரடப்பாவைப் போல அசைந்து கொடுத்தது. இன்னொரு முறை தேய்ப்பதைத் தாங்கும், அதற்குமேல் தாங்காது. அந்த ஒரு முறையில் வேலை சரியாக முடிந்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் ஏறிவிட வேண்டும். என் கவலை முழுவதும் அதுதான்.

தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் வேலைக்கு வந்தார். வாயும் கையும் சம வேகத்தில் ஓடும் மனிதர். வந்த அன்றே பட்டி டப்பாவைத் திறந்தார்.

“அது வேண்டாம், பாய்” என்றேன்.

“இன்னா சாமி, பட்டி இல்லாம வண்டியா? மேல ஒரு கை இழுத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். மூஞ்சி பாத்து சவரம் பண்ணிக்கலாம்.”

“நான் கண்ணாடி கேட்கவில்லை. இரும்பு கேட்கிறேன்.”

“இரும்பு வேணும்னா இரும்புக் கடைக்குப் போவணும். நம்மகிட்ட அழகுதான் கீது.”

சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் காந்தத்தை எடுத்தேன். அவர் அண்மையில் வேலை முடித்ததாகப் பெருமையுடன் சொல்லி ஓட்டிவந்த தம் சொந்தக் காரின் கதவில் வைத்தேன். தகட்டின்மேல் அவ்வளவு பட்டி; காந்தம் நிற்கவில்லை. வழுக்கித் தரையில் விழுந்தது. பாய் அதைக் குனிந்து எடுத்து, ஊதி, என் கையில் கொடுத்தார்.

“சரி சாமி. உன் வண்டிக்கு மட்டும் கற்பு. நம்ம வண்டி இப்டியே இருந்துட்டுப் போவட்டும்.”

அதற்குப்பின் அவர் ஒழுங்காகவே உழைத்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய வர்ணத்தை மருந்து தடவி உரித்தார். உளியும் சுத்தியுமாக நசுங்கல்களை உள்ளிருந்து தட்டி எடுத்தார். கடைசியாகப் பானெட்டை எமரித் தாளால் தேய்க்கும்போது நான் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த இடம் போதும், அந்த இடம் போதும் என்று நிறுத்திக்கொண்டே இருந்தேன். மாலையில் தகடு மாசு மறுவற்று வெள்ளி போல வெளிப்பட்டது. பல்லாண்டு மூடிக் கிடந்த ஒன்று திறந்து காட்சி தருவதை நான் கோயிலில் மட்டுமே பார்த்திருந்தேன். எங்கள் தெரு கடலுக்கு மிக அருகில் உள்ளது; திறந்த இரும்பை உப்புக்காற்று ஓர் இரவுகூட விட்டுவைக்காது. ஆகவே அன்றே ப்ரைமர் அடிக்க வேண்டும். பாய் கம்ப்ரெஸரை ஓட்டிவிட்டு, வர்ணம் தெளிக்கும் துப்பாக்கியில் ப்ரைமரை ஊற்றப் போனார்.

அந்த நேரத்தில் தமையனார் பூஜைத் தட்டுடன் காரை விட்டு இறங்கினார்.

“நிறுத்துப்பா. இன்னிக்குக் கரிநாள்.”

“அண்ணா, இது பூச்சு வேலை. இதற்கு நாள் பார்க்க வேண்டாம். இரவெல்லாம் காற்று வாங்கினால் துரு ஏறிவிடும்.”

“ஜோசியர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வரேன், தம்பி. நாளைக்குக் காலைல சுப ஹோரை இருக்கு. இன்னிக்கு மேல பூச்சு ஏறினா, அந்த வண்டில ஒருத்தனுக்கு அடிபடும். அடிபட்டா நீ பொறுப்பா?”

எங்கள் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அடிபடாது என்று சொன்னால் ஆணவம். அடிபடட்டும் என்று சொன்னால் பாவம். நாளும் கோளும் அடியாரை என்ன செய்துவிடும் என்ற உறுதியைத்தான் சிறுவயது முதல் நான் ஓதி வந்திருக்கிறேன். அந்தப் பாடல்களைத் தமையனாரும் ஓதுவார். குரல் என்னைவிட நன்றாக இருக்கும். பொருள் மட்டும் அவர் தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை.

அதோடு அவர் நின்றிருந்தால் போதும். தட்டில் இருந்த விபூதியைக் கொட்டகையில் இருந்த குடத்து நீரில் குழைத்து, மூன்று விரல்களால் பானெட்டின் நடுவே அகலமாகப் பட்டை இழுத்தார். பட்டையின் நடுவில் சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பொட்டு வைத்தார். எங்கள் தெருவில் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் உப்புப் படியும். அந்த நீரை, மேலே ஒரு மெல்லிய பூச்சுகூட இல்லாத இரும்பின்மேல் தடவினார் என் தமையனார், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

“துடைத்துவிடுகிறேன், அண்ணா.”

“அதைத் தொடாதே. சாமிக்கு வெச்சது. காலைல நான் வந்து எடுக்கறேன்.”

அவர் போனபின், பட்டையையும் பொட்டையும் விட்டு மற்ற இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். பாய் புறப்படும்போது சொன்னார்:

“இரும்புக்கு இன்னா தெரியும் சாமி, விபூதியா வெந்நீரான்னு. அதுக்கு எல்லாம் தண்ணிதான்.”

மறுநாள் காலை பாய் தார்ப்பாயை விலக்கி, காய்ந்திருந்த விபூதியை ஈரமில்லாத துணியால் துடைத்தார். வெண்மை போயிற்று. அதன் கீழே, அதே இடத்தில், அதே அகலத்தில், மூன்று பட்டைகள் செம்மண் நிறத்தில் எழுந்திருந்தன. நடுவில் ஆழ்ந்த நிறத்தில் பொட்டு. எண்ணெய் பட்ட மற்ற இடமெல்லாம் மங்காமல் இருந்ததால் அந்த உருவம் வரைந்து வைத்தது போலத் தெரிந்தது.

“உங்க அண்ணன் சொல்லிக் குடுத்ததை இரும்பு மனப்பாடம் பண்ணிகினு கீது சாமி” என்றார் பாய்.

அவருடைய சிரிப்பு அடங்குவதற்குள் தமையனார் வந்தார். பானெட்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தார்.

“சுயம்பு” என்றார்.

“துரு” என்றேன்.

அவர் காதில் விழவில்லை. கைபேசியை எடுத்துப் பல கோணங்களில் படம் பிடித்தார். தெருமுனையில் பூக்கட்டும் அம்மாள் கூடையுடனேயே வந்துவிட்டார். “வண்டியில சாமி வந்துகீதாமே, எங்க?” என்று கேட்டு, பதில் வருமுன்னரே பானெட்டில் செம்பருத்தி ஒன்றை வைத்தார். துறைமுக வாயிலுக்கு வரிசையில் நின்றிருந்த கண்டெய்னர் லாரியிலிருந்து ஓட்டுநர் ஒருவர் இறங்கிவந்து எட்டிப் பார்த்தார்.

“நம்ம லாரி முழுக்க இந்த சாமிதாம்மா கீது. ஒருத்தனும் கும்புட மாட்டேன்றான்.”

தமையனார் பாயை அழைத்தார். “இதுக்கு மேல ப்ரைமரும் வேணாம், கலரும் வேணாம். இந்தப் பட்டை தெரியற மாதிரி மேல க்ளியர் வார்னிஷ் மட்டும் அடி.”

“க்ளியர் அடிச்சா உள்ளாறயே தின்னுகினு இருக்கும்ணே. அடுத்த மழைக்குள்ள பானெட்டு அப்பளம்.”

“சாமி காப்பாத்துவார்.”

நான் அடிப்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். பொட்டுக்கு நேர் கீழே தகடு காகிதமாக இருந்தது. பாயிடம் எமரித் தாளைக் கொடுத்து, துருவை உடனே எடுக்கச் சொன்னேன். அவர் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் கை வெக்க மாட்டேன் சாமி. பாய் வந்து பட்டைய அழிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் கெளப்பி வுடுவான். இதே தெருவுல நான் வேல பாக்கணும்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. அதற்குள் கூடிவிட்ட கூட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாலே அது தெரிந்தது. தமையனார் சற்றுத் தள்ளி நின்று உறவினர்களுக்குப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், எமரித் தாளைத் திரும்ப வாங்கி நானே தேய்க்கத் தொடங்கினேன்.

“பெரியவரே, விபூதிய அழிக்கிறியே, அடுக்குமா?” என்றார் பூக்கட்டும் அம்மாள்.

“விபூதி காலையிலேயே போய்விட்டது, அம்மா. இது அது செய்துவிட்டுப் போன காயம்.”

நீறு என்பது எரிந்து முடிந்த பொருள். இனி எரிய அதில் ஒன்றும் எஞ்சவில்லை. அதனால்தான் ஆண்டவன் மேனியில் ஏறும் தகுதி அதற்கு. துரு அப்படியல்ல; அது இன்னும் தின்று முடிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் வேற்றுமை தெரியாமல் ஒருவர் அறுபது ஆண்டுகளாக நெற்றியில் பூசிவந்திருக்கிறார் என்று எண்ணியபோது, எனக்குக் கோபத்தைவிட அருவருப்பே மிகுந்தது. வாய்க்குள் ஒரு பதிகத்தை ஓதிக்கொண்டு, அதன் நடைக்கு ஏற்ப மெதுவாகத் தேய்த்தேன். மேல் பட்டை போயிற்று. கீழ்ப் பட்டை போயிற்று. நடுப் பட்டையைப் பொட்டின் ஓரம்வரை எடுத்தேன். பொட்டின்மேல் தாளை விரல் நுனியால் மட்டும் நகர்த்தினேன். அப்படியும் அது திறந்துகொண்டது. கடுகளவு துளை, அதன் வழியே இன்ஜின் அறையின் இருட்டு தெரிந்தது.

தமையனார் தழுதழுத்த குரலில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீங்களா. நெற்றிக்கண் திறந்துடுத்து.”

லாரி ஓட்டுநர் தலையைத் திருப்பிக்கொண்டு இருமினார். பூக்கட்டும் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பாயைப் பார்த்தேன்.

“இதுக்கு நான் வரலாம் சாமி. ஓட்டை அடைக்கிறதுக்கு ஒருத்தனும் மதம் பாக்க மாட்டான்” என்று சொல்லி ஒட்டுவேலைக்கான கேஸ் விளக்கைப் பற்றவைத்தார். துளையைச் சுற்றித் தகடு உருகிவிடாதபடி, பித்தளைக் கம்பியின் நுனியை ஒரு சொட்டு மட்டும் இளக்கி விட்டார். சொட்டு பரவி, நின்று, பொன்னிறப் புள்ளியாக இறுகியது. கட்டைவிரலால் அடியிலிருந்து அழுத்தினேன். தகடு தாங்கியது. அந்தப் புள்ளியை அரத்தால் மட்டப்படுத்தி, தின்னரில் துடைத்து, உடனே ப்ரைமர் அடித்தோம். சுப ஹோரை எப்போதோ கழிந்துவிட்டிருந்தது. ராகு காலம் நடக்கிறது என்று, அதற்குள் தம் காரில் போய் உட்கார்ந்துவிட்ட தமையனார் கண்ணாடியை இறக்கிச் சொன்னார். சொல்லிவிட்டு மீண்டும் ஏற்றிக்கொண்டார்.

வண்டி இன்று தந்தையார் காலத்துப் பச்சை நிறத்தில், தன் சொந்த பானெட்டுடன் நிற்கிறது. மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. ஒரு கொப்புளமும் எழவில்லை. துருப்பட்டையின் படம் எங்கள் உறவினர் வீடுகள் சிலவற்றில் சட்டம் போடப்பட்டுப் பூஜை அறைக்குள் போய்விட்டதாகக் கேள்விப்படுகிறேன். விளக்கும் ஏற்றுகிறார்களாம்.

அணிவகுப்பு அன்று தமையனார் பட்டு வேட்டியில் வந்து வண்டியின் முன்னால் நின்றார். பார்க்க வந்தவர்களிடம் இறைவன் கண் திறந்த வரலாற்றைச் சொல்லி, அந்த இடம் வர்ணத்துக்குள் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் விரல் வைத்த இடம் சரியான இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தது. நான் திருத்தவில்லை.