மூன்று கல்லும் என் கொய்யா மரமும்

என் கொய்யா மரத்தை வெட்டச் சொன்னது யார் என்று இன்று கேட்டாலும் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருமே 'நான் இல்லை' என்பார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் பொது. பாகம் பிரிக்கவில்லை, ஆனால் எது யார் பக்கம் என்று எங்கள் கோழிகளுக்குக்கூடத் தெரியும். கிணறு வற்றிய கோடையில் போர் போடுவதென்று முடிவானது. எங்கே என்பதில்தான் ஒரு மாதம் ஓடியது.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைப் பெரியப்பா கூட்டிவந்தார். தேங்காய் பெரியப்பா பக்கத்து மேட்டில் எழுந்து நின்றது. அப்பா கோயமுத்தூரிலிருந்து மெஷின்காரரை வரவழைத்தார். மெஷின் அப்பா பக்கத்து வேலியோரத்தைக் காட்டியது. சித்தப்பா யாரையும் நம்பாமல் தானே வேப்பங்குச்சி பிடித்து நடந்தார். அது அவருடைய சோளக்காட்டில் வளைந்தது. மூன்று இடத்திலும் சுண்ணாம்பு தடவிய கல்.

"தண்ணிதானுங்க முக்கியம்" என்று மூவரும் சொல்வார்கள். அடுத்த மூச்சில் ஒருவருக்கு மேடு முக்கியமாகும், ஒருவருக்குக் கரண்ட் கம்பம், ஒருவருக்கு வாஸ்து. நேற்று கம்பம் என்றவரே இன்று வாஸ்து என்பார்.

கடைசியில் மத்தியஸ்தத்துக்கு என் மாமா வந்தார். "ஏனுங், இப்பிடியே பேசீட்டிருந்தா மழையே வந்துபோடுமுங்க. மொத எடத்தை உடுங்க. ரெண்டாவதா எது பரவால்லைன்னு ஆளுக்கொண்ணு சொல்லுங்க."

அடுத்தவர் கல் பக்கம் போகாமல் மூவரும் கையை நீட்டினார்கள். மூன்று விரலும் மாட்டுக்கொட்டகை ஓரம் நின்ற என் கொய்யா மரத்தில் வந்து சேர்ந்தன. அங்கே தண்ணீர் இருப்பதாகத் தேங்காய் சொன்னதா, மெஷின் சொன்னதா, குச்சி சொன்னதா? ஒன்றும் இல்லை. அது யார் பக்கமும் இல்லை, அவ்வளவுதான்!

ஒன்றாம் வகுப்பில் நான் நட்ட மரம். போர் போட்ட அந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு அம்மணி" என்றார் பெரியப்பா.

"நான் ஒத்துக்கலையே!"

"வேற செடி வாங்கித் தாரேன் கண்ணு" என்று சித்தப்பா சிரித்தார். இன்றுவரை வாங்கித் தரவில்லை.

மரம் சாய்ந்தது, போர் வண்டி உள்ளே வந்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஊரே அதிரத் துளைத்தார்கள். வெள்ளைப் புழுதிதான் பறந்தது. "பொகைதானுங்க வருது" என்று வண்டிக்காரர் கையை விரித்தார். தலையெல்லாம் புழுதியோடு மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு ஒற்றுமையாக, என் மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நியாயம் கேட்கச் சமையலறைக்கு ஓடினேன். அங்கே பெரியம்மாவும் அம்மாவும் சித்தியும் என் மரத்துக் காய்களை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"பொது எடத்துலயே போட்டு, பொகையோட போச்சு, நல்லவேளை" என்றார் பெரியம்மா.

"ஆமாங்க்கா. ஒருத்தரு கல்லுல போட்டுத் தண்ணி வந்திருந்தா, நாளைக்கே பாகத்தைப் பிரின்னு நின்னிருப்பாங்க" என்றாள் அம்மா. மூவரும் சிரித்தார்கள். சித்தி ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். தட்டிவிட்டு அழுதுகொண்டே வெளியே ஓடினேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் அன்று கொதித்தேன். சமையலறையில் இருந்த அந்த மூன்று பேரையும் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.