அண்ணன் மேல் புகார்

அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி காரணம் தையல், மீதி காரணம் வாய். கட்டியவன் கைவிட்டுப் போனபின் நகரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து, காலர் தைத்துத் தைத்தே தொழில் பழகியவள். திரும்பி வந்து தாய்வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு தொடங்கினாள். முதல் மெஷினைத் தன் வேனில் கொண்டுவந்து இறக்கியவன் அண்ணன்.

"என் தங்கச்சி யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது" என்று தெருவே கேட்கச் சொன்னான். ஊசிக்குக் கண் நிறைந்துவிட்டது.

படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். "புருஷன் ஓடிப்போனாலும் மெஷின் ஓடும்டி" என்பாள் ஊசி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அண்ணன் சாப்பிட வரும்போதெல்லாம் அவனுக்குப் பரிமாறிக்கொண்டே அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைச் சொல்லுவாள். ஒருத்தியின் அப்பன் குடிகாரன், இன்னொருத்திக்குக் கேட்க நாதியில்லை, குட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பிள்ளைக்குச் சித்தி சூடு போட்டுவிட்டாள். அண்ணன் உச்சுக்கொட்டுவான். பிறகு அவர்களை ஒவ்வொருத்தியாக நகரத்தில் நல்ல வீட்டு வேலைக்கென்று அழைத்துப் போனான். பெற்றவர்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஊசிக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

குட்டை போய்ச் சில வாரம் கழித்து, ஒரு மதியம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, குட்டை பேசறேன். இது வீட்டு வேலை இல்லக்கா. பூட்டி வெச்சிருக்காங்க. ஆம்பளைங்க வர்றாங்க..."

"ஐயோ! அண்ணன்கிட்ட சொன்னியாடி?"

"அவருதானேக்கா கொண்டாந்து விட்டாரு. உங்களுக்கும் தெரியும்னு சொன்னாரு."

"எனக்குத் தெரியாதுடி, சத்தியமா தெரியாது" என்று சொல்லவே ஊசிக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டாள். பெட்ரோல் பங்க், எதிரே மரக்கடை. தொழிற்சாலைக்கு அவள் நடந்துபோன தெருதான் அது.

நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். பெண் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறக்காமல் கேட்டார்: "கூடப் பிறந்தவன்மா. நல்லா யோசிச்சியா?"

"எழுதுங்க மேடம். எந்த வீட்ல கேக்க ஆளில்லைன்னு அவனுக்குச் சொன்னது நான்தான். அதையும் சேத்து எழுதுங்க."

குட்டையும் இன்னும் சில பிள்ளைகளும் மீட்கப்பட்டார்கள். இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. எங்கேயோ கைமாறிப் போயிருந்தார்கள்.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன அன்றே அம்மா துணிமணியைக் கட்டினாள். "குடும்பத்தைச் சந்தி சிரிக்க வெச்சிட்டியேடி பாவி" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்கு, மருமகளோடு இருக்கப் போய்விட்டாள். வகுப்புக்கு யாரும் வரவில்லை. காணாமல் போனவர்களில் ஒருத்தியின் அம்மா வாசலில் வந்து நின்றாள். "உன்கிட்ட அனுப்புனதாலதானே எம்பொண்ணு அவன் கண்ணுல பட்டா?"

அண்ணன் ஜாமீனில் வந்தான். டீக்கடை பெஞ்சில் அவனுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். குட்டைக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. சித்தி கதவைத் திறக்கவில்லை. அப்பன் திண்டாடிக்கொண்டு உள்ளேயே நின்றான். அவளை அரசு விடுதியில் சேர்த்தார்கள்.

ஊசி ஞாயிறுதோறும் போனாள். குட்டை வெளியே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். பல வாரம் கழித்து ஒருநாள் வந்து, எட்டவே நின்றாள்.

"எங்க வீட்டுக் கதையெல்லாம் நீங்க அவர்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்லக்கா?"

"இருந்திருக்கலாம்டி."

"கோர்ட்ல எல்லாத்தையும் சொல்லப்போறேன். உங்களையும் சொல்லுவேன்."

"சொல்லு. பயப்படாம சொல்லு. நான் அங்கதான் உக்காந்திருப்பேன்."

குட்டை உள்ளே போய்விட்டாள். வழக்கு இன்னும் வாய்தாவில் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டில் ஊசியும் குட்டையும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.