பயிற்சியாளர் என் அக்கா வீட்டுக்காரர்

என் அக்கா வீட்டுக்காரர் கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்று வருடம் இருந்தார். அதில் மைதானத்துக்குள் ஓடியது மொத்தம் பதினோரு நிமிடம். மீதி நேரமெல்லாம் பெஞ்சைத் தேய்த்தார். முழங்கால் போனதால்தான் பெரிய ஆட்டக்காரராக வரவில்லை என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்வார். முழங்கால் போனது உண்மை. குளியலறையில் வழுக்கி விழுந்தார். தூக்கிவிட்டவள் அக்கா.

இப்படிப்பட்டவர்தான் ‘விளையாட்டு வழியே வேலை’ என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார். கல்லூரி மாணவர்கள் மூன்று மாதம் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதில் பொறுப்பு, நேரம் தவறாமை, நாலு பேரை வைத்து வேலை வாங்கும் சாமர்த்தியம் எல்லாம் வருமாம், கடைசியில் சான்றிதழ். நல்ல யோசனைதான். பாவம், அவர் கையில் மாட்டிக்கொண்டது. மாணவர்கள் பந்துக்குக் காற்றடித்தார்கள், சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், அவர் காரைக் கழுவினார்கள். “தலைமைப் பண்பு வேணும்னா முதல்ல கீழ்ப்படியக் கத்துக்கணும்” என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொல்வார். பந்து வைக்கும் அறையின் சாவி என்னிடம் இருந்தது. அவர் தயவில் கிடைத்த வேலை, நானும் தலையாட்டினேன்.

ஒரு வாரம் தாமதமாகச் சேர்ந்த பெண்ணுக்கு ‘எக்ஸ்ட்ரா’ என்று பெயர் வைத்தார். அவள் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். எக்ஸ்ட்ரா கார் பக்கமே போகவில்லை. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரிடம் நின்று பேசுவாள். எந்தப் பிள்ளைக்கு இடது கால் பழக்கம், எது அப்பா பார்த்தால் அழும், எதற்கு மூச்சிரைப்பு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள்.

“பெரிய டாக்டரம்மா!” என்பார் மாமா.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை பார்வையிட வருவதாக இருந்தது. மாமா முப்பது பிள்ளைகளையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று மூச்சுத் திணறி மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

“எழுப்பி நிக்க வை! கார் வந்துடுச்சு!” என்று கத்திவிட்டு மாமா வாசலுக்கு ஓடினார். அன்றைக்கு அந்த முழங்கால் நன்றாகவே வேலை செய்தது.

எக்ஸ்ட்ரா குழந்தையை நிழலில் நிமிர்த்தி உட்காரவைத்து, அதன் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள். “மத்த பசங்கள நிழலுக்குக் கூட்டிட்டுப் போய் தண்ணி குடுங்க” என்று கூட இருந்தவர்களை விரட்டினாள். தாய்க்குப் போன் செய்தாள். மூச்சு சீரானது. தலைமையாசிரியை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் நம்ம பயிற்சிதான் மேடம்” என்று இளித்தார் மாமா.

தலைமையாசிரியை அவளிடமே கேட்டார். “யாரும்மா சொல்லிக்குடுத்தது?”

“இந்தக் குழந்தையோட அம்மாங்க. நான்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

மாமா முகம் சுண்டிப்போயிற்று. மூன்று மாதம் முடிந்ததும் ‘ஒழுங்கீனம்’ என்று எழுதி அவள் சான்றிதழை மட்டும் நிறுத்திவைத்தார். முத்திரை என் மேசையில்தான் இருந்தது. எடுத்துக் குத்தியிருக்கலாம், குத்தவில்லை. அவரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் அன்று அவரைவிட ஓர் அங்குலம்கூட உயர்ந்தவன் இல்லை.

தலைமையாசிரியை சான்றிதழ் கேட்கவில்லை. தன் பள்ளியிலேயே அவளுக்கு விளையாட்டு உதவியாளர் வேலை கொடுத்தார். இது மாமா காதுக்கு எட்டியதும் எங்கள் மைதான வாசலில் ஆளுயரப் போஸ்டர் ஒன்று ஏறியது. அதில் எக்ஸ்ட்ராவின் படம். கீழே, ‘எங்கள் பயிற்சியில் உருவானவர்.’ வெட்கம் என்பது அவர் வாங்காமலே விட்டுவந்த சரக்கு.

மறுநாள் மாலை அவள் வேலை முடிந்து நேராக வந்தாள். “சார், அந்தப் படத்த எடுத்துடுங்க.”

“உனக்குப் பெருமைதானேம்மா?”

“ஒழுங்கீனம்னு எழுதி என் சான்றிதழ நிறுத்தினது நீங்கதானே சார்?”

மாமா, யாரோ கூப்பிட்டதுபோல போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். நான் ஏணியைக் கொண்டுவந்து போட்டேன். மேலே ஏறிக் கிழித்தேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

“அவர் ரொம்பக் கோபமா இருக்காருடா. நாலு நாளைக்கு அவர் கண்ணுல படாத.”

“நீ சிரிக்கிறியாக்கா?”

“மெதுவா பேசுடா. பக்கத்து ரூம்லதான் இருக்காரு.”