அலுமாரிக்குள் பூட்டிய மோர்ஃபின்

கடலில் மீன்பிடித்து வந்த அண்ணனுக்கு எலும்பில் புற்றுநோய். மாதக்கணக்காக அவரைப் பார்த்துப் பார்த்து நான் களைத்துப்போயிருந்தேன். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் தொடங்கியதும் வீட்டில் இறைச்சியை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் அவர் நோவுக்குக் கொடுத்த மோர்ஃபின் போத்தலையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "நோவை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கோ, அண்ணா" என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம்" என்றார்.

ஒருநாள் காலை அவரைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸி, மறிச்சுக்கட்டி ஊர் முஸ்லிம் பெண், போத்தலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மருந்து குறையவே இல்லை. அவர் ஏசவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மோர்ஃபின் எண்ட இந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது தெரியுமா, தங்கச்சி? கிரேக்கக் கதையில மோர்ஃபியஸ் எண்டு ஒரு கனவுத் தெய்வம். மோர்ஃபே எண்டால் உருவம். மனுசர்ட உருவம் எடுத்துக் கனவில வருமாம்."

"வேற தெய்வத்திட பேரா?" என்று முகம் சுளித்தேன்.

கட்டிலில் கிடந்த அண்ணன் மெல்லக் கேட்டார்: "குடிச்சால் கனவு வருமோ, மிஸ்ஸி? நான் நித்திரை கொண்டே கன நாள்."

மருந்தை நானே ஊற்றிக் கொடுத்தேன்.

மத்தியானம் கண் விழித்தவர், "கனவில வலை இழுத்தனான். கை நோகேல்ல" என்று சிரித்தார்.

அந்தத் தபசில் நான் விட்டது இறைச்சியை மட்டும்தான். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த நோவில் ஒரு துளிகூட என்னுடையதில்லை.