பங்குக் கிணற்றில் இரண்டு பந்தல்

எங்கள் கிணற்றுக்குப் பங்கு இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது என் அக்காவுடையது. காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே மலையைப் பார்த்த நிலத்தில் கிணறு நடுவில் இருந்தது. அதற்கு மேல்பக்கம் என் திராட்சைப் பந்தல், கீழ்ப்பக்கம் அவளுடையது. என் பந்தலில் கல்தூண்கள் நூற்று நாற்பத்திரண்டு. அவளுடையதில் நூற்று முப்பத்தெட்டு. அப்பா நிலத்தைச் சமமாகத்தான் பிரித்தார். அப்படியிருக்க என் பக்கம் நான்கு தூண் எப்படிக் கூடிற்று என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அக்கா ஒரு நாளும் யோசித்ததில்லை. பெரியகுளத்தில் நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும், எண்ணி முடித்தால் கவலை வரும்.

தண்ணீர் ஒரு நாள் அவளுக்கு, மறுநாள் எனக்கு. சூரியன் கிளம்பும்போது மடை மாறும். முறை முடிந்தவர் தன் மடையைத் தானே மண் வைத்து அடைக்க வேண்டும். அடுத்தவர் தன் மடையை வெட்டிவிட வேண்டும். ஒருவர் மடையை இன்னொருவர் தொட்டால் அது சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. நானும் அக்காவும் எத்தனையோ காரியத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம், மடைக்காகப் போட்டதில்லை.

கவாத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டிவிட்டால்தான் புதுத் துளிர் வரும், துளிரோடு பூங்கொத்து வரும். பிஞ்சு பிடித்துப் பெருக்கிற சமயத்தில் தண்ணீர் குறைந்தால் காய் கடலைப் பருப்பு அளவில் நின்றுவிடும். அதனால் கோடைப் பழத்துக்கு அக்கா மார்கழி பிறந்ததும் வெட்டுவாள், நான் ஒரு மாதம் கழித்துத் தையில் வெட்டுவேன். அவள் கொடிக்குத் தாகம் அதிகமாக இருக்கும்போது என் கொடி தூங்கிக்கொண்டிருக்கும். ஒரே கிணறு இரண்டு பந்தலையும் காப்பாற்றியது இப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்தக் கணக்கு பிசக ஆரம்பித்தது. கார்த்திகையோடு ஓய வேண்டிய மழை ஒரு வருடம் தை வரைக்கும் இழுத்தது. அக்காவின் பந்தலில் பூ இருந்த நேரம் அது. பூவெல்லாம் உதிர்ந்து, நின்ற கொத்துகளில் வெள்ளைப் பூஞ்சை பிடித்தது. அடுத்த வருடம் அவள் உஷாராக இருந்தாள். மழை கொட்டித் தீர்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன் என்றாள். ஆனால் அந்த ஐப்பசியில் மழை வரவில்லை. கார்த்திகையிலும் இல்லை. வராத மழை ஓயட்டும் என்று அவள் மார்கழி முழுவதும் காத்திருந்துவிட்டுத் தையில் வெட்டினாள். அது என் மாதம். நான் தள்ளிப்போட்டால் என் பழம் வைகாசிச் சாரலில் மாட்டும் என்று பயந்து நானும் வெட்டினேன். இரண்டு பந்தலிலும் ஒரே வாரத்தில் கத்தரி விழுந்தது. எங்கள் வீட்டு வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

இடையில் பெரியகுளத்தில் ஒரு விவசாயிகள் கூட்டத்துக்குப் போய் வந்தேன். பூமி சூடாகி வருகிறது, இனிமேல் பருவமழை பருவத்தில் வரும் என்று நம்ப முடியாது, வந்தால் ஒரேயடியாக வரும், இல்லையென்றால் வராது என்று சொன்னார்கள். வந்து அக்காவிடம் விளக்கினேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒலகம் சூடாகுறத ஒலகம் பாத்துக்கிறட்டும். நமக்கு மழை என்னைக்குன்னு சொன்னாகளா?"

அதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

மாசியில் கிணறு இறங்கியது. முன்பு மோட்டார் போட்டால் கரண்ட் நிற்கும்வரை தண்ணீர் வரும். இப்போது கரண்ட் இருக்கும்போதே குழாய் காற்றைக் கக்கியது. கிணற்றுக்குள் சைடு போர் போட்டுப் பார்த்தோம். பக்கவாட்டில் எத்தனை அடி போனாலும் பாறையின் தூசிதான் வந்தது. ஒரு நாள் ஊறுகிற தண்ணீர் ஒரு பந்தலுக்குப் பாதி பாயும். இரண்டு பந்தலிலும் பூங்கொத்து தலைகாட்டிவிட்டது. முறைப்படி பாய்ச்சினால் இரண்டும் கருகும். ஒன்றை விட்டுவிட்டால் ஒன்று பிழைக்கும். எதை விடுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வரும். மாமா போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்கு அந்தப் பந்தலைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

என் முறையையும் எடுத்துக்கொள் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைச் சிறு பையனைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"ஒன் முறைத் தண்ணியக் குடிச்சு என் கொடி காய்க்க வேணாம். போய்ச் சோலியப் பாருடா."

மறுபடியும் போனேன், மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து "வேணாம்" என்று குரல் வந்தது. வீட்டுக்குத் திரும்பிப் புலம்பினேன். என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"குடுக்கவான்னு கேட்டா மதினி எப்பிடி வாங்குவாக? வாங்குற குணமா அவுகளுக்கு?" என்றாள். கேட்காமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டதற்கு, "ஒங்களுக்குத் தண்ணி தேவைன்னு இருக்கிறவரைக்கும் வாங்க மாட்டாக," என்றாள்.

அன்று சாயங்காலமே இரண்டு கத்தரிகளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். துளிரோடு சேர்த்து வெட்டிவிட்டால் இலை இருக்காது, இலை இல்லையென்றால் கொடிக்குத் தாகம் இல்லை; அந்தப் போகம் பழம் கிடையாது, ஆனால் வேர் உயிரோடு கிடக்கும். இது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். என் பந்தலின் ஒரு முனையில் நானும் மறுமுனையில் அவளும் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தோம். திராட்சைப் பூவுக்கு மெல்லிசாக ஒரு வாசனை உண்டு, கிட்டே போனால்தான் தெரியும். அன்று அது கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. எத்தனை கொத்து வெட்டினேன் என்று நான் எண்ணவில்லை. மனைவி அதைக் கவனித்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் கையிலிருந்த கத்தரியையும் அவளே வாங்கிச் சுமந்துகொண்டு வந்தாள்.

விடிந்தால் என் முறை. நான் மோட்டாரைப் போட்டுவிட்டு நின்றேன். அக்கா மண்வெட்டியோடு தன் மடையை அடைக்க வந்தாள். அடைக்க வேண்டாம் என்றேன். அவள் நிமிர்ந்து என் பந்தலைப் பார்த்தாள். கம்பிக்கு மேலே வானம் தெரிந்தது. தரையெல்லாம் பச்சைத் துளிர் வாடிக் கிடந்தது. பந்தலுக்குள் போய் ஒரு கொத்தைக் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? கேரளாவுக்குப் போற ஜீப்பக்கூட விடாம எண்ணுற பய, இத எண்ணிப் பாக்கலயா?"

அக்கா விடுவிடுவென்று போய்த் தன் மடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்து, காலால் மிதித்து இறுக்கினாள். பிறகு மண்வெட்டிக் காம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் வாய்க்காலில் வந்து தேங்கியது. என் மடையும் திறக்கவில்லை, அவள் மடையும் திறக்கவில்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. குழாய் எப்போது காற்றைக் கக்கும் என்றும் தெரியாது. வாய்க்கால் கரையில் ஓர் இடத்தில் கசிய ஆரம்பித்தது. அவள் மடையை நான் வெட்டிவிடலாம். ஆனால் அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அக்காதான் அசைந்தாள். நேராக என் மடைக்கு வந்து ஒரே வெட்டில் திறந்தாள். எங்கள் ஆயுசில் ஒருவர் மடையை இன்னொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் என் மொட்டைப் பந்தலுக்குள் ஓடியது.

"அக்கா, அதுக்கு எதுக்கு?" என்றேன்.

"வேரு நனையட்டும் முதல்ல. பூவு இல்லேன்னா உசுரும் இல்லேன்னு ஆயிருமா?"

நாலு வரிசை நனைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் மடையை அடைத்துவிட்டுத் தன் மடையைத் திறந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே திறந்ததால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் தண்ணீரும் அவள் பந்தலுக்குத்தான் போனது. என் முறை வருகிற காலையில் மட்டும் முதலில் நாலு வரிசைக்கு என் பக்கம் விடுவாள், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரிசை. பங்குனியில் பழம் கறுக்க ஆரம்பித்தபோது மேற்கே மலைமேல் மேகம் திரண்டது. கிணற்றுக்கு மழை வேண்டும், பழத்துக்கு மழை கூடாது. பழுத்த பழத்தில் ஒரு மழை பெய்தால் தோல் வெடித்துவிடும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நான் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இடி மட்டும் கேட்டது. மழை மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

சித்திரையில் கம்பத்திலிருந்து வியாபாரி வண்டியோடு வந்தார். பழம் சின்னதுதான், ஆனால் கறுப்பு நன்றாக ஏறியிருந்தது. வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வண்டி போன பிறகு அக்கா பழம் பறித்த தன் பந்தலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தக் கிணறு இனிமேல் ஒரு பந்தலுக்குத்தான் என்று நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்.

"ஒன்னதுல பாதி, என்னதுல பாதி எடுத்துருவோமாடா?"

ஆடிக்கு முன்னால் ஆள் விட்டுப் பாதிக் கொடிகளைப் பிடுங்கினோம். கிணற்றை ஒட்டியிருந்த பாதியை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, தள்ளியிருந்த பாதிகளில் தூண்களைச் சாய்த்து வரப்போரம் அடுக்கினோம். மழை பெய்கிற வருடம் அங்கே மொச்சை விதைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. கிணற்றைச் சுற்றி மிஞ்சியது ஒரே பந்தல் மாதிரிதான் இருந்தது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்து குடித்தால் அந்தத் தண்ணீர் போதும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

முறை என்று பிறகு ஒன்று இல்லை. ஆனாலும் அக்கா தினமும் சூரியன் கிளம்பும்போது மண்வெட்டியோடு வந்துவிடுவாள். கிணற்றில் எவ்வளவு ஊறியிருக்கிறதோ என்ற கவலையில் நானும் அதற்கு முன்பே போய் நிற்பேன். மோட்டாரைப் போட்டு இரண்டு மடையையும் திறந்துவிட்டு, தண்ணீர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.