அண்ணனின் விடுவிப்புத் தாள்

இன்று அண்ணனுக்கு விடுவிப்புத் தாள் கிடைத்தது. பீங்கான் ஆலைத் தகராறில் மேஸ்திரியை அடித்த வழக்கில், ஜெயிலுக்குப் பதிலாக விதித்த நன்னடத்தைக் காலம் ஒருவழியாக முடிந்துவிட்டது.

கோர்ட்டில் தாளை வாங்கியதும், ஒரு நகலை ஸ்டேஷனில் கொடுக்கச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன்.

ஏட்டு அதை முழுவதும் படித்தார். நல்ல மனிதர்தான், எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

“சந்தோஷம் தம்பி. அதே வூடுதானே?”

“ஆமாங்க.”

“மாசித் தேர் வருது. தேருக்கு முன்னாடி பழைய கேஸு ஆளுங்கள இங்க கொண்டாந்து உக்கார வெச்சிடுவோம், தெரியுமில்ல?”

“அதான் கேஸு முடிஞ்சி போச்சேங்க,” என்றேன் நான்.

“கேஸு முடிஞ்சிதும்மா. ஆளு இருக்காரே.”

“நானே வந்துடறேங்க. வூட்டுக்கு மட்டும் யாரையும் அனுப்பாதீங்க,” என்றான் அண்ணன். ஏட்டு சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒரு லுங்கியையும் துண்டையும் மடித்துப் பையில் வைத்தான். தேருக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

இந்தத் தாளைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுவதா, வெளிப்பக்கமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.