எழுதியதற்குக் கீழே ஒரு கையெழுத்து

பொன்னுத்தாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடம் பேச வேண்டியிருந்தாலும் முதலில் அவர் பேரைக் கேட்டுவிடுவாள். பஸ் கண்டக்டரோ, சிலிண்டர் போட வருகிறவரோ, ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்சம்மாவோ, யாராக இருந்தாலும் சரி. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "ஒங்க பேரு என்னங்க?" என்பாள். அதற்கப்புறம்தான் வந்த விஷயத்துக்கு வருவாள். நரிக்குடிப் பக்கத்து இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

"இவள கூட்டிட்டுப் போக எமனே வந்தாலும், பேரக் கேட்டுட்டுத்தான் கெளம்புவா" என்று புருஷன் நாகராஜ் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சிரிப்பான்.

அது துடுக்குத்தனம் இல்லை, பயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மிளகாய் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் கருவேல மரம் வெட்டவும் போன காலத்தில்கூட, கூட்டத்தில் கடைசியாக நிற்கிறவள் அவள்தான். தெரியாத முகத்தைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேர் தெரிந்துவிட்டால் அந்த ஆள் யாரோ ஒருத்தர் பெற்று, பேர் வைத்து, கூப்பிட்டு வளர்த்த பிள்ளையாகிவிடுவார். தொண்டை கொஞ்சம் திறக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது நாகராஜுக்கு அருப்புக்கோட்டையில் மில் வேலை. பொன்னுத்தாய் நூறு நாள் வேலைக்குப் போவாள், மற்ற நேரத்தில் ஆடு பார்ப்பாள். ஆடுகளில் சில அவளுடையவை. கருப்பி மட்டும் பங்குக்கு வந்தது.

ஆடு வாங்க வழியில்லாதவர்களும் ஆடு வளர்க்க அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழி உண்டு. காடு கரை உள்ள வீட்டார் ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்துக் கொடுப்பார்கள். வளர்க்கிறவர் மேய்த்து, தண்ணி காட்டி, ஈனும்போது கூட இருந்து பார்க்க வேண்டும். பிறக்கிற குட்டிகள் ஆளுக்குப் பாதி. தாயாடு என்றைக்கும் கொடுத்தவருக்குத்தான். இதற்கு எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். எழுத்துக்குப் பதிலாக ஒரு கட்டுப்பாடு இருந்தது. தாயாட்டை வளர்க்கிறவர் வாய் தவறியும் 'என் ஆடு' என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் குட்டி தங்காது என்பார்கள்.

கருப்பியைக் கொடுத்தவர் பக்கத்து ஊர் செல்வலட்சுமி. அந்த வீட்டு ஆடுகளுக்கெல்லாம் அடையாளமாக இடது காதின் நுனியைப் பிளந்துவிட்டிருப்பார்கள். பொன்னுத்தாய் வீட்டு ஆடுகளுக்கு வலது காதில் சின்ன வெட்டு.

போன மழைக்காலம் முடிந்த சமயம். நிறைசினையாக இருந்த கருப்பி காலையிலிருந்து இரை எடுக்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. நாகராஜ் வேலையில் இருந்தான். பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டியின் லோடு ஆட்டோவில் கருப்பியை ஏற்றித் திருச்சுழி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் மருந்து ஊற்றி, ஊசி போட்டு, காத்திருந்து பார்த்து அனுப்பிவைத்தார். திரும்புகிற வழியில் கருப்பி நாலு வேப்பிலையைக் கடித்தது. பொன்னுத்தாய்க்குப் பாதி உயிர் வந்தது.

ரோடு பிரிகிற இடத்தில் போலீஸ் ஜீப் நின்றது. தடுப்பை இழுத்துப் போட்டு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுது கருவேலங்காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எஸ்.ஐ. இளவயதுக்காரர், வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மேலே போட்டிருந்த ஒளிரும் கோட்டுக்குள் சட்டைப் பேர்ப்பட்டி மறைந்திருந்தது. கூட மீசை நரைத்த ஏட்டு ஒருவர். கொஞ்ச நாளாகவே அந்த வட்டாரத்தில் ஆடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மல்லாங்கிணற்றுப் பக்கத்திலிருந்து வந்த கடைசிப் புகார், கருப்பு ஆடு, காது பிளந்தது என்று சொல்லியிருந்தது.

எஸ்.ஐ. டார்ச்சை அடித்துக் கருப்பியின் காதைப் பார்த்தார்.

"யாரு ஆடு இது?"

பொன்னுத்தாய்க்கு யோசிக்கவே தோன்றவில்லை. வழக்கம்போல வாயில் வந்தது.

"என்னுது இல்லங்கய்யா."

ஸ்டியரிங்கில் இருந்த செல்லப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "மதினி! என்ன சொல்றீக!"

எஸ்.ஐ. முகம் மாறிவிட்டது. "கேட்டீங்களா ஏட்டு? அவளே சொல்லிட்டா."

"செல்வலட்சுமி அக்கா ஆடுங்கய்யா. பங்குக்கு வளக்குறேன்" என்றாள் பொன்னுத்தாய்.

"எழுத்து ஏதும் இருக்கா?"

"வாய்ப்பேச்சுத்தாங்கய்யா."

"நல்லா இருக்கு. இன்னொருத்தர் ஆடு, எழுத்தும் இல்ல. அந்தம்மாவுக்குப் போனப் போடு."

செல்லப்பாண்டி திரும்பத் திரும்பப் போட்டான். செல்வலட்சுமி விருதுநகரில் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

"சரி, ஜீப்புல ஏறு. ஸ்டேஷன்ல வச்சுப் பேசிக்கலாம்."

பொன்னுத்தாய் கருப்பியின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சந்தனத்தின் ஞாபகம் வந்தது. வாலிபத்தில் ஒருதரம், ஆடு காணாமல் போன விவகாரத்தில் அவனை வழியில் நிறுத்திக் கூட்டிப்போனார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பசியோடு இருந்தவன் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டியில் ஆடு குறைந்தாலும் போலீஸ் வண்டி அவன் வாசலில் வந்துதான் நின்றது. கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போனவன், ஊர்ப் பொங்கலுக்குக்கூட வருவதில்லை. பொன்னுத்தாயும் ஆடு வளர்த்துப் பிழைக்கிறவள். ஒருதரம் பேர் கெட்டுவிட்டால், பங்குக்கு ஆடு விட யார் நம்புவார்கள்?

முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தரையைப் பார்த்தாள்.

"ஒங்க பேரு என்னங்கய்யா?"

எஸ்.ஐ. திகைத்துப்போனார். "என்னது? பேரக் கேட்டு மேலிடத்துக்கு எழுதிப் போடப் போறியா?"

"இல்லங்கய்யா. பேரு தெரிஞ்சாத்தான் எனக்குப் பேச்சே வரும்."

"அவ அப்படித்தாங்கய்யா" என்று செல்லப்பாண்டி குறுக்கே விழுந்தான். "நாயி பேரக்கூடக் கேப்பா. தப்பா எடுத்துக்கிடாதீக."

"அப்ப நானும் நாயும் ஒண்ணா?"

"ஐயையோ!" செல்லப்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டான்.

ஏட்டு மீசைக்குள் சிரித்தார். "எம் பேரு தனுஷ்கோடிம்மா. இவுக எஸ்.ஐ. ஐயா. என்ன சொல்லணுமோ சொல்லு."

ஒரு பேர் கிடைத்தது போதுமாக இருந்தது. மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருதரம் இலவசச் சட்ட உதவியிலிருந்து தங்கமாரி என்று ஒரு வக்கீலம்மா வந்து பேசியிருந்தார். போலீஸ்காரர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள், கையை நீட்டாதீர்கள், தெரிய வேண்டியதைக் கேள்வியாகக் கேளுங்கள் என்றார் அவர். குழுவில் மற்றவர்கள் அதை மறந்திருப்பார்கள். காலமெல்லாம் கேள்வி மட்டுமே கேட்டுப் பழகிய பொன்னுத்தாய்க்கு அது அப்படியே மனசில் தங்கிவிட்டது.

"தனுஷ்கோடி ஐயா, என்னையக் கைது பண்ணுறீகளா, இல்ல விசாரிக்கத்தான் கூப்பிடுறீகளா?"

"விசாரணைதான்" என்றார் எஸ்.ஐ.

"விசாரணைன்னா பொம்பளைய அவ வீட்டுல வச்சுக் கேக்கலாம்னு சொல்வாகளே, அப்படிக் கேக்க முடியுங்களாய்யா? கைதுன்னா, பொழுது அடஞ்சிருச்சே, பொம்பளப் போலீசு யாராச்சும் வாராகளா?"

"சட்டம் பேசுறியா?"

"எனக்கு என்னங்கய்யா சட்டம் தெரியும்? தெரிஞ்சுக்கிடத்தான் கேக்குறேன்."

குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிக்கிடட்டுங்களாய்யா?"

ஏட்டு எஸ்.ஐ. பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னார். "ஐயா, நம்ம லேடீஸ் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிருக்காக. இப்ப யாரும் இல்ல. இந்தப் பக்கம் பங்குக்கு ஆடு விடுறது உள்ள வழக்கந்தான்யா."

எஸ்.ஐ. ஜீப்புக்குள்ளிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "சரி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. மிச்சத்த நாங்க எழுதிக்கிறோம்."

வெள்ளைத் தாள்.

"போட்டுட்டு வாங்க மதினி" என்று செல்லப்பாண்டி காதோடு சொன்னான். "ஒரு கையெழுத்துத்தான? ஆடு வேற தவிக்குது."

பொன்னுத்தாய் தாளை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அப்படியே திரும்ப நீட்டினாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலிங்கய்யா. நீங்க எழுதி வாசிச்சுக் காட்டுங்க. எழுதுனதுக்குக் கீழ போடுறேன். எங்க அண்ணன் எழுதாத தாளுல போட்டுட்டு ஊரவிட்டே போயிருச்சு."

வண்டியில் கருப்பி ஒருதரம் கத்தியது.

"நான் எங்கயும் ஓட மாட்டேங்கய்யா" என்றாள் மறுபடியும். "இந்தச் செனையாட்ட வச்சுக்கிட்டு ஓடவும் முடியாது. வீடு இங்கனதான். எந்நேரம் வந்தாலும் இருப்பேன்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். காலையிலிருந்து வெயிலில் நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. செல்போனில் ஆட்டைப் படம் எடுத்தார், வண்டி நம்பரையும் எடுத்துக்கொண்டார்.

"காலையில வாரோம். ஆடு அங்கதான் இருக்கணும்."

"இருக்கும்ங்கய்யா. டீ போட்டு வைக்கட்டுங்களா?"

"ஒண்ணும் வேணாம், போ" என்றார். தடுப்பை நகர்த்திவிட்ட ஏட்டு, வண்டி கடந்து போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. வேலை முடிந்து வந்த நாகராஜ் குதித்தான். "நான் மட்டும் அங்க இருந்திருக்கணும்! யாரு என்னன்னு பாத்திருப்பேன்."

"நீங்க இருந்திருந்தா இந்நேரம் உள்ள இருப்பீக" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே.

நாகராஜ் போனை எடுத்துத் தங்கமாரி வக்கீலம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பயப்படாதீங்க. நாளைக்கும் இதே மாதிரி பேசுங்க. ஏதாவதுன்னா உடனே கூப்பிடுங்க" என்றார்.

காலையில் ஜீப் வந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எஸ்.ஐ., ஏட்டு, கூட மாரிக்கனி என்று ஒரு பெண் போலீஸ், புகார் கொடுத்த மல்லாங்கிணற்றுக்காரர் விஜயபாண்டி எல்லாரும் இறங்கினார்கள். பொன்னுத்தாய் பட்டியிலிருந்து கருப்பியை அவிழ்த்து வந்து நிறுத்தினாள். இடது காது பிளவு எல்லாருக்கும் தெரிந்தது.

விஜயபாண்டி காதைப் பார்க்கவே இல்லை, வயிற்றைத்தான் பார்த்தார்.

"என்னய்யா இது! நெற மாசமால்ல நிக்குது! எங்களுது இன்னும் பருவத்துக்கே வராத குட்டிய்யா. போன வாரம் காணாமப் போனது அதுக்குள்ள ஈனப் போகுதாக்கும்?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அந்த நேரம் பார்த்துச் செல்லப்பாண்டியின் போன் அடித்தது. செல்வலட்சுமி. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏலே செல்லப்பாண்டி, நேத்து எதுக்குடா அத்தன போனு? கருப்பிக்கு ஏதும் ஆயிருச்சா?"

"கருப்பிக்கு ஒண்ணும் இல்லக்கா. போலீசு வந்திருக்காக. ஆடு யாருதுன்னு கேக்காக."

"எங்க ஆடுதான்டா! பொன்னுத்தாய்கிட்டப் பங்குக்கு விட்டது ஊருக்கே தெரியுமே! அவளையா கேட்டாக? அந்தப் பிள்ள இன்னொருத்தர் வீட்டு வெறகக்கூடத் தொடாதே! யாரு கேட்டது, போன அவுககிட்டக் குடு!"

எஸ்.ஐ. போனை வாங்காமலே, "போதும்மா, தெரிஞ்சிருச்சு" என்றார்.

மாரிக்கனி ஒரு தாளில் நடந்ததை எழுதி, நின்றவாக்கில் சத்தமாக வாசித்தாள். 'மேற்படி ஆடு எனக்குச் சொந்தமானது' என்று ஒரு இடம் வந்தது. பொன்னுத்தாய் கையைக் கட்டிக்கொண்டு, "மாரிக்கனியம்மா, அத மட்டும் மாத்திருங்க. எனக்குச் சொந்தம் இல்ல, நான் வளக்குற ஆடுன்னு போடுங்க" என்றாள். மாரிக்கனி அடித்துத் திருத்தி எழுதினாள். திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசி வரிக்கும் தன் பேருக்கும் நடுவே இடம் விடாமல் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள் பொன்னுத்தாய்.

ஜீப்பில் ஏறப் போன எஸ்.ஐ. திரும்பினார்.

"அழகுராஜா" என்றார். "நேத்துக் கேட்டீங்கள்ல."

"நல்ல பேருங்கய்யா" என்றாள் தரையைப் பார்த்தபடியே.

கருப்பி அதே வாரத்தில் இரண்டு குட்டி போட்டது. ஒன்று இடது காது பிளக்கப்பட்டு செல்வலட்சுமி வீட்டுக்குப் போனது. வலது காதில் வெட்டோடு இன்னொன்று இங்கே நிற்கிறது. ரோட்டுப் பிரிவில் இப்போதும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். விஜயபாண்டியின் ஆடு இன்னும் கிடைக்கவில்லை. பொன்னுத்தாய் பேரில் எந்த வழக்கும் இல்லை. யாராவது கேட்டால், கருப்பி தன் ஆடு இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.